கயிற்றுக்கு அந்தப் பக்கம்

ரெலிபோன் திரும்பவும் அடிக்கிறது. நான் எடுக்கவில்லை.

அப்பா இல்லை. பிறம்ரனில் வெயாஹவுஸ் வேலை, இரவு ஷிஃப்ற். அவர் விடிய வந்து சப்பாத்தைக் கழற்றும்போது நான் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பேன். நாங்கள் இரண்டு பேரும் கதைப்பது பெரும்பாலும் அந்தச் சப்பாத்துக் கழற்றுகிற நேரத்தில்தான். அம்மாவும் தம்பியும் இன்னும் கொழும்பில். அதனால் இரவில் ரொறன்ரோவில், இந்த ஸ்காபரோ அப்பார்ட்மென்றில் நான் மட்டும். லைற்றைப் போடாமல், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில், போர்வைக்குள் இருக்கிறேன். பதினைந்து வயதில் இப்படி ஒளிந்திருப்பது வெட்கம்தான். யாருக்கும் சொல்லாதேயுங்கள்.

அடிப்பது அப்பா இல்லை. அவர் வேலையிடத்திலிருந்து எடுத்தால் இரண்டு தரம் அடிக்கவிட்டு வைத்துவிட்டுத் திரும்ப எடுப்பார். வேறு யார் அடித்தாலும் இரவில் எடுக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இது நிற்காமல் அடிக்கிறது. அனுபமாதான். ஹொஸ்பிற்றல் கட்டிலில் இருந்து.

அவள் என்ன கேட்கப்போகிறாள் என்றும் தெரியும். மரங்களுக்குள்ளேயே கேட்டுவிட்டாள். "ஏன்டி?" நான் பதில் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் இந்த நாட்டில் எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி போய்விடுவாள். சொன்னாலும் போய்விடுவாளோ என்று பயம். அதனால் முதலில் உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

அனுபமா மெட்ராஸ்காரி. அவளுடைய அப்பாவுக்குக் கொம்பியூட்டர் வேலை. போன கோடையில் மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் தனிவீடு வாங்கிப் போய்விட்டார்கள். ஆனாலும் வருஷம் முடியும்வரை எங்கள் பள்ளிக்கூடத்துக்கே வருகிறாள். நான் வந்த புதிதில் கன்ரீனில் ஒரு மூலையில் தனியே இருந்து பாண் துண்டுகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாப்பாட்டுப் பெட்டியோடு வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"நீ தமிழா?"

"ஓம்."

"சாமி கும்பிடறியா, பதில் சொல்றியா?" என்றாள். நாங்கள் ஆம் என்பதற்கு ஓம் என்போம், அவளுக்கு அது மந்திரம். எனக்குக் கோபம் வந்தது. அவள் தன்னுடைய தயிர்ச்சாதத்தில் பாதியைத் தள்ளிவிட்டாள். அன்றிலிருந்து இன்று மத்தியானம் வரை நாங்கள் பிரியவில்லை.

பத்தாம் வகுப்புக்கு வருஷாவருஷம் ஸ்கீ ற்றிப் ஒன்று உண்டு. வடக்கே, பஸ்ஸில் போகவேண்டிய மலை. நான் மாட்டேன் என்றேன்.

"வாடி. விழுந்தா பனிதானே, என்ன ஆயிடப்போவுது? நான் இருக்கேன்ல."

அப்பாவிடம் கேட்டேன். அவர் ஒரு சப்பாத்தைக் கழற்றி மற்றதைக் கழற்றாமல் யோசித்தார்.

"பனியிலை சறுக்கிறதுக்கு மலைக்குப் போறதோ? எங்கடை வாசலிலை சறுக்கினது காணாதோ?" என்றார். பிறகு, "சரி, போயிற்று வா. எல்லாப் பிள்ளையளும் போகேக்கை நீ மட்டும் நிண்டு என்ன செய்யிறது," என்றார். அவர் சிரித்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

காலையில் அங்கே ஒரு பெடியன் எங்களுக்குப் பழக்கினான். ஸ்கீப் பலகைகளின் முன்நுனி இரண்டையும் கிட்டக் கொண்டுவந்து, பின்பக்கத்தை அகலமாக விரிக்கவேண்டும். மேலேயிருந்து பார்க்க பீட்சாத் துண்டுபோல இருக்கும். அப்படிச் செய்தால் நிற்கும். நான் பழகியது அது ஒன்றுதான். மத்தியானத்துக்குப் பிறகு அனு என்னை லிஃப்றில் ஏற்றி மேலே கொண்டுபோனாள். இறங்குகிற பாதை றோட்டுபோல அகலமானது, சுகமானது. சின்னப்பிள்ளைகள்கூட வந்தார்கள். இடப்பக்கம் முழுக்க ஒரு செம்மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மலை திடீரென்று செங்குத்தாக இறங்கியது. முழுக்க மரம்.

"அதுலயும் ஸ்கீ பண்ணுவாங்க," என்றாள் அனு. "எக்ஸ்பர்ட்டுக்கு. மெஷின் விட்டுச் சமம் பண்ண மாட்டாங்க, பனி விழுந்தபடியே கிடக்கும். இன்னைக்கு மூடிட்டாங்க, இல்லன்னா உன்னை இங்க விட்டுட்டு ஒரு ரவுண்ட் போயிருப்பேன்."

"மரத்திலை அடிபடாதோ?"

"மரத்தையே பாத்துட்டிருந்தா மரத்துலதான் போய் முட்டுவ. நடுவுல வெள்ளையா இடம் இருக்குல்ல, அதைப் பாக்கணும். கண்ணு எங்க போவுதோ அங்கதான் கால் போவும்."

"எனக்கு வேண்டாம் தாயே."

"உன்னை யாருடி கூப்பிட்டா? பீட்சா போடு, போ."

இன்றைக்கு அந்த மலையில் ஏதோ கொண்டாட்டம். கீழே பாட்டுப் போட்டிருந்தார்கள். பாதி வழியில் ஒலிபெருக்கியில் யாரோ இங்கிலிஷில் கத்தினார்கள். காற்றில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எங்கள் வகுப்புப் பிள்ளைகள் கூவிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். ஏன் என்று அனுவிடம் கேட்கத் திரும்பினேன். அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது.

அது எனக்குக் காதில் விழுவதற்கு முதல் வயிற்றில் விழும். ஹெலி.

மலை விளிம்புக்கு மேலால் பதிவாக, தாழப் பறந்து வந்தது. பக்கக் கதவு திறந்திருந்தது. கதவில் ஒருவன் காலை வெளியே போட்டுக்கொண்டு இருந்தான். அவனுடைய கையிலிருந்து ஏதோ விழத் தொடங்கியது. எல்லோரும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அதற்குக் கீழே போனார்கள்.

ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்கே தெரியும். ஹெலிச் சத்தம் கேட்டால் மறைப்பில்லாத வெட்டையில் நிற்கக்கூடாது, சுடுவார்கள். மரத்துக்குக் கீழே ஓடு. மரம் இல்லையென்றால் வாய்க்காலில் படு. அம்மா சொல்லித்தந்தா, பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்தார்கள். ஓடுவோமா என்று நான் யோசிக்கவேயில்லை. கண் மரத்தைப் பார்த்தது, கால் போனது. குனிந்து கயிற்றுக்குக் கீழால் போய்விட்டேன்.

பீட்சா அங்கே வேலை செய்யவில்லை. பனி முழங்கால்வரை. பலகைகள் அதற்குள் புதைந்தபடியே ஓடின, எனக்குக் கால் தெரியவில்லை. ஒரு மரம் வலத் தோளை உரசிப் போனது. ஒரு கொப்பு முகத்தில் அடித்தது. கையில் இருந்த தடிகள் எங்கே போயின என்று தெரியாது. அவ்வளவு வேகத்திலும் எனக்கு மரங்களுக்குப் பயமாக இருக்கவில்லை. ஒவ்வொரு மரம் வர வர, இன்னும் கொஞ்சம் மறைப்பு என்று மனம் ஆறுதல்பட்டது. பிறகு பலகை எதிலோ குத்தியது. நான் பறந்து விழுந்து, உருண்டு, கொப்புகள் நிலம்வரை தொங்கிய ஒரு பைன் மரத்தடியில் போய் நின்றேன். பலகைகள் கழன்றுவிட்டன. அவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டேன். வெளியே தெரியக்கூடாதே. ஊரில் சொல்லித்தந்தபடி காதைப் பொத்தி, வாயைத் திறந்துவைத்துக்கொண்டு குப்புறப் படுத்தேன்.

"சுபா! உக்காந்துடு! அப்படியே உக்காந்துடு சுபா!"

கொப்புகளுக்குள்ளால் அனு வருவதைப் பார்த்தேன். நீல ஜக்கற். மரங்களுக்கு நடுவில் இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு. ஒவ்வொரு திருப்பத்துக்கும் சின்னதாக ஒரு துள்ளல். பின்னால் பனி தூவிக்கொண்டே வந்தது. அவ்வளவு வடிவாக அவள் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. கடைசி நிமிஷத்தில்தான் என்னைக் கண்டாள். எனக்கு மேலே ஏறாமல் இருக்க ஒரு பக்கம் வெட்டினாள். அந்தப் பக்கம் மரம்.

சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த மட்டையை மிதித்ததுபோல. கால் முழங்காலுக்குக் கீழே தவறான பக்கம் திரும்பிக் கிடந்தது.

இதுவரை நடந்தது விபத்து என்று சொல்லலாம். இதற்குப் பிறகு நடந்ததுதான் விபத்து இல்லை.

அழுதாள். நான் அவளைக் கக்கத்தில் பிடித்து அந்தப் பைன் மரத்தடிக்கு இழுத்தேன். கத்தினாள். கொஞ்சம் அடங்கிய பிறகு, "பீட்சாவே ஒழுங்காப் போடத் தெரியாது, உனக்கு எக்ஸ்பர்ட் ரன் கேக்குதா?" என்றாள். நான் சிரிப்பேன் என்று நினைத்திருப்பாள். எனக்குப் பல் அடித்துக்கொண்டிருந்தது. ஹெலி போய்விட்டது என்பதுகூட அப்போதுதான் விளங்கியது.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. பனி நீலமாக மாறியது. அப்போது மேலே, கயிற்றுப் பக்கத்தில், ஆட்கள் வந்தார்கள். விசில் சத்தம். கனமான பூட்ஸ். வோக்கி ரோக்கி கரகரத்தது. பிறகு ஓர் ஆம்பிளைக் குரல் என்னுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. முழுப்பெயர். சுபாங்கி நவரட்ணம். வாய்க்குள் நுழையாமல், பிழைபிழையாக.

கொழும்பில் லொட்ஜில் இருந்தபோதும் அப்படித்தான். இரவு, படிக்கட்டில் பூட்ஸ், வோக்கி ரோக்கி, அப்பாவின் பெயர் பிழைபிழையாக. அம்மா அவருடைய கையைப் பிடித்து இழுத்தா. அப்பா, "ஓம், நான்தான்," என்று சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தார். கூட்டிக்கொண்டு போனார்கள். மழைக்காலம் முடிந்துதான் திரும்பி வந்தார். இன்றைக்கும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் முதல்தரம் திரும்ப மாட்டார். அதற்குப் பிறகு அம்மா எங்களுக்குச் சொன்னா: "ஆர் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் வாய் திறக்கக்கூடாது. நீங்கள் அங்கை இல்லை. விளங்குதோ? நீங்கள் இல்லை."

அனு மூச்சை இழுத்துக் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். நான் கையால் பொத்தினேன்.

நனைந்த கையுறை. அவள் தலையை ஆட்டினாள். கடித்தாள். நான் அவளுக்கு மேலே படுத்து அழுத்தினேன். முறிந்த கால் என்றும் பார்க்கவில்லை. அவளுடைய கண் என் கண்ணுக்கு அவ்வளவு கிட்ட இருந்தது. அவளுக்கு என்னைத்தான் பயம் என்று அதில் தெரிந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை. குரல் மேலால் போனது, இன்னும் தூரப் போனது, பிறகு இல்லை.

கையை எடுத்தேன்.

"ஏன்டி?" என்றாள். கத்தவில்லை. மெல்லமாகக் கேட்டாள்.

பிறகு அவளாகவே கத்திப் பார்த்தாள். தொண்டை அடைத்துவிட்டது. மேலே யாரும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது. முதலில் நன்றாக நடுங்கினாள். நடுக்கம் குறைந்தபோது நல்லது என்று நினைத்தேன். "தூக்கம் வருது சுபா," என்றாள். குளிரில் அப்படித் தூக்கம் வரவிடக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் காட்டிய ஒரு படத்தில் சொல்லியிருந்தார்கள். எழும்பிக் கீழே நடந்து பார்த்தேன். இடுப்புவரை புதைந்தது. பலகை போட்டுத்தான் போகவேண்டும்.

என்னுடைய ஜக்கற்றைக் கழற்றி அவளுக்குப் போர்த்தினேன்.

"நான் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன்."

"நீ போவ. போய் எங்கயாவது ஒளிஞ்சுப்ப," என்றாள்.

பூட்ஸைப் பலகையில் வைத்து மிதித்தேன். கொழுவியது. அவள் கண்ணை மூடிக்கொண்டே, "மரத்தைப் பாக்காத," என்றாள். என்மேல் அவ்வளவு கோபம் இருந்தும் சொன்னாள்.

கீழே பார்த்தேன். மரம், மரம், மரம். முன்னைப்போல் இப்போது அவை ஆறுதலாக இல்லை. ஒவ்வொன்றும் அவளுடைய காலை முறித்த மரமாக இருந்தது. நடுவில் ஒரு வெள்ளை இடத்தைப் பிடித்தேன். அதையே பார்த்தேன். பலகை போனது. அந்த இடம் வந்ததும் ஒரு பக்கமாக விழுந்து நின்றேன். எழும்பினேன். அடுத்த வெள்ளை. விழுந்தேன். அதற்கடுத்ததில் விழவில்லை. உடம்பைச் சாய்க்க, பலகை தானாகவே திரும்பி இன்னொரு வெளிக்குள் என்னைக் கொண்டுபோனது. பக்கத்தால் மரங்கள் போவது தெரிந்தது, பார்க்கவில்லை. சுவெற்றர் முழுக்கப் பனி. காது மரத்துவிட்டது. அந்த மலையில் என்னுடைய மூச்சைத் தவிர வேறு ஒரு சத்தமும் இல்லை.

மரங்கள் முடிகிற இடத்தில் பனியில் வெட்டிய ஒரு றோட்டு. ஸ்னோமொபைல் ஒன்று லைற்றோடு நின்றது. அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள், சீருடை, நெஞ்சில் வோக்கி ரோக்கி. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு மரங்கள் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். நான் கடைசி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என்னுடைய பெயரைக் கூப்பிட்டார். பிழையாக.

நான் இல்லை. வாய் திறக்காவிட்டால் நான் இல்லை. அவர் இன்னொரு தரம் கூப்பிட்டுவிட்டு எஞ்சினைப் போடக் குனிந்தார். மேலே அனு நித்திரையாகிக்கொண்டிருந்தாள். நான் இல்லையென்றால் அவளும் இல்லை.

மரத்தை விட்டேன். வெட்டைக்கு வந்தேன்.

"ஓம்," என்றேன். எனக்கே கேட்கவில்லை. "ஓம்! ஓம்! நான்தான்! நான் இஞ்சை!"

அவருக்குத் தமிழ் எங்கே தெரியும். ஆனால் நிமிர்ந்தார். ஓடிவந்து என்னைப் பிடிக்கக் கையை நீட்டியபோது நான் முகத்தை மறைத்துக்கொண்டேன். அவர் தன்னுடைய ஜக்கற்றைக் கழற்றி என் தோளில் போட்டார். வேறொன்றும் செய்யவில்லை. எனக்கு இங்கிலிஷ் வரவில்லை. மேலே மரங்களைக் காட்டிக்கொண்டே நின்றேன்.

அனுவை ஒரு நீளச் சறுக்குவண்டியில் கட்டி இறக்கினார்கள். யார் உங்களை மூடிவைத்த இடத்துக்குள் போகச் சொன்னது என்று எங்கள் ரீச்சர் அழாக்குறையாகக் கேட்டா. அனு கண்ணைத் திறக்காமல், தான்தான் கூட்டிக்கொண்டு போனதாக இங்கிலிஷில் சொன்னாள். ரீச்சர் என்னைப் பார்த்தா. நான் நிலத்தைப் பார்த்தேன்.

பஸ்ஸில் ஏறியபோதுதான் கண்டேன். எல்லோருடைய தலையிலும் ஒரேமாதிரிச் சிவப்புக் கம்பளித் தொப்பி. ஏதோ றேடியோக்காரர் ஹெலியில் வந்து போட்டதாம். எத்தனை பேர் எத்தனை பிடித்தார்கள் என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் நிற்பாட்டினார்கள். நான் ரீச்சருக்குப் பக்கத்தில் முன் சீற்றில் இருந்தேன். ரொறன்ரோ வரும்வரை யாரும் என்னோடு கதைக்கவில்லை. எங்கள் கட்டடத்து வாசலில் இறக்கிவிட்டு, வீட்டில் ஆள் இருக்கிறதா என்று ரீச்சர் கேட்டா. இருக்கிறார்கள் என்றேன்.

இரவு வெகுநேரம் கழித்து அனுவின் வீட்டுக்கு எடுத்துப் பார்த்தேன். அவளுடைய அண்ணன்தான் எடுத்தான். அவளை ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள், காலில் ஒப்பரேஷன் செய்து சரிப்படுத்தினார்கள் என்று சொன்னான். "நீதான் எங்க அனுவைக் காப்பாத்தினியாமே, தாங்க்ஸ்," என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் லைற்றை நூர்த்து இருட்டாக்கிவிட்டு இங்கே வந்து இருந்தேன்.

திரும்ப அடிக்கிறது. நிற்கிறதாக இல்லை. வயரைப் பிடித்து இழுத்தேன், ரெலிபோன் தரையில் விழுந்து வந்தது.

"சுபா?"

"ஓம்."

"எவ்ளோ நேரம்டி அடிக்கிறது? நர்ஸ் வேற முறைக்கிறா."

"கால்?"

"கம்பி வச்சிருக்காங்க. ஊசி போட்டிருக்காங்க, வலி தெரியல." றிசீவரை மற்றக் காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது. "எனக்குத் தூக்கம் வரல. கண்ணை மூடினா உன் கை வருது."

நான் அழுதேன். அவள் பொறுத்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் பொய் சொன்னனி? நீ கூட்டிக்கொண்டு போனதெண்டு."

"பின்ன என்ன சொல்றது? இவ ஏன் போனான்னு எனக்கே தெரியாதுன்னா? எனக்கு இப்பத் தெரியணும். ஏன்டி?"

சொன்னேன். உங்களுக்குச் சொன்னதுபோல ஒழுங்காக வரவில்லை. லொட்ஜை முதலில் சொல்லி, பிறகு ஹெலியைச் சொல்லி, நடுவில் அப்பாவைச் சொல்லி. அவள் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"அது தொப்பிடி சுபா," என்றாள்.

"தெரியும். பஸ்ஸுக்குள்ளை கண்டனான்."

"உன் பின்னாடி ஓடி வந்ததுல எனக்கு ஒண்ணுகூடக் கிடைக்கல."

"எனக்கும் இல்லை."

அவள் சிரித்தாளா, மூக்கை உறிஞ்சினாளா என்று சரியாகத் தெரியவில்லை.

"பரவாயில்லன்னு சொல்லலாம்னு பாத்தேன். இப்ப வரமாட்டேங்குது," என்றாள். "ரொம்பப் பயந்துட்டேன் உன்னைப் பாத்து."

"ஓம்."

"ஸ்கூல்ல நீயே சொல்லணும். இதை என்னால சொல்ல முடியாது."

"சொல்லுறன்."

"இப்ப எங்க இருக்க?"

"கட்டிலுக்குப் பக்கத்திலை. நிலத்திலை."

"லைட்?"

"போடேல்லை."

"போட்டுட்டு வா."

"வயர் எட்டாது."

"சரி, இருட்டுலயே இரு. வச்சிடாத."

வைக்கவில்லை. அவள் வேறு ஒன்றும் கதைக்கவில்லை. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு அது நீளமாக, ஒரே சீராக வந்தது. ஊசியாக இருக்கும். இப்போது அப்பா இரண்டு தரம் அடித்தால் பிஸி என்றுதான் வரும். பயந்துபோவார். காலையில் அவர் சப்பாத்தைக் கழற்றும்போது அவருக்கும் சொல்லவேண்டும்.

மறுபக்கத்தில் ஏதோ உரசியது. அனுவின் கையிலிருந்து யாரோ றிசீவரை எடுக்கிறார்கள். ஒரு பொம்பிளைக் குரல், பழக்கமில்லாத குரல், யார் அங்கே என்று இங்கிலிஷில் கேட்டது. வைத்துவிடலாம் என்று கை போனது.

என்னுடைய பெயரைச் சொன்னேன். அவவுக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் ஆறுதலாக, நிறுத்தி நிறுத்தி, முழுப்பெயரையும் சொன்னேன்.